நடிப்பும் அகவையும்

நடிப்பாவது பிறிதொருவராய்த் தோன்றும் கலை. ஆதலின் நடிகர்தம் அகவையும் பாத்திரத்தின் அகவையும் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆயினும் இவ்வுரிமை ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒரு படித்தாய் அமையவில்லை. ‘தி கிராஜுவேட்’ (1967) என்னும் அமெரிக்கத் திரைப்படம் இதற்குத் தக்க சான்று.

அதில் 21 அகவை இளைஞனாக நடித்த டஸ்டின் ஹாஃப்மன் 1937இல் பிறந்தவர். அவனை மயக்கும் நடுத்தர அகவைத் தாயாக நடித்த ஆன் பான்கிராஃப்ட் 1931இல் பிறந்தவர். அவர்தம் மகளாக வரும் கேத்தரின் ராஸோ 1940இல் பிறந்தவர். தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒன்பதாண்டும் நிரம்பவில்லை! ஒரே படத்தில் ஆடவர்க்கு அகவை குறைக்கப்பட்டது, பெண்ணுக்கோ கூட்டப்பட்டது. ‘தி மஞ்சூரியன் கேண்டிடேட்’ (1962) படத்தில் லாரன்ஸ் ஹார்விக்குத் தாயாக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரி அவரினும் மூன்றாண்டே மூத்தவர்.

நடிகர் வேண்டின் அவர்தம் அகவையைத் திரைத்தொழில் சார்ந்த இணையத்தளங்கள் நீக்குதல் வேண்டும் எனக் கலிபோர்னியா மாநிலம் 2016இல் சட்டம் இயற்றிற்று. அது பேச்சுரிமைக்கு மாறானது எனக் கீழ் நீதிமன்றம் தள்ளிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2020இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

அச்சட்டம் நிலைபெற்றிருப்பினும் குறை தீர்ந்திராது. முற்காட்டிய படங்களில் நடிகையரின் இளமை யாவரும் அறிந்ததே. அறிந்தே அவர்க்கு முதுமை ஏற்றப்பட்டது. இழுக்கு, பிறந்த ஆண்டை வெளியிடுதலில் இல்லை. பாத்திரம் படைப்போர், நடிகரைத் தெரிவோர் ஆகியோரின் நோக்கில் உள்ளது என்பதே நம் துணிபு.