வானத்துக்கும் பட்டா வேண்டும்!

"காக்கைக்கும் கழுகுக்கும் லைசென்சு கேட்பார் இல்லை. கையளவு ட்ரோனுக்கு மட்டும் எண் வேண்டும், சான்றிதழ் வேண்டும், வரைபடம் பார்க்க வேண்டும் என்கிறார்களே, இது என்ன நியாயம்?" என்று கேட்கும் இளைஞர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கண்டனூரிலும் இருக்கிறார்கள், புதுவயலிலும் இருக்கிறார்கள், காரைக்குடிக் கடைவீதியிலும் இருக்கிறார்கள்.

கேள்வியில் கோபம் இருக்கிறது. கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால், கோபத்தோடு நின்றுவிட்டால் நட்டப்படப் போவது யார்? கேள்வி கேட்ட அந்த இளைஞன்தான். ஆகவே, விஷயத்தை நிதானமாக எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிழைப்பாகிவிட்ட பொறி

ட்ரோன் என்பது இன்று பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுப் பொருள் அல்ல. செட்டிநாட்டைச் சுற்றிப் பாருங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் பழைய வீடுகள்! அந்த வீட்டுக் கல்யாணத்தை மேலே நின்று படம் பிடித்துத் தா என்கிறார்கள். சினிமாப் படப்பிடிப்புக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். கோயில் தேரோட்டத்துக்குக் கேட்கிறார்கள். நேற்றுவரை தரையில் நின்று படம் எடுத்துப் பிழைத்தவன், இன்று வானத்திலிருந்தும் எடுத்துத் தராவிட்டால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடுகிறது.

வயலுக்கும் வந்துவிட்டது ட்ரோன். மழையையும் கண்மாயையும் நம்பி நெல் விளைவிக்கும் சீமை இது. முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்து, காலை முதல் நண்பகல் வரை சேற்றில் நடந்து தெளிக்க வேண்டிய மருந்தை, ட்ரோன் சில நிமிடங்களில் ஓர் ஏக்கர் முழுவதும் தெளித்துவிடுகிறது. தெளிக்கிறவன் மூக்கில் விஷம் ஏறுவதில்லை. இது சாதாரண நன்மையா? 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் மாண்டுபோனார்களே, அதை நினைத்துப் பார்த்தால் தெரியும் இதன் அருமை.

இப்படிப் பிழைப்புக்கும் உயிருக்கும் உதவும் ஒரு பொறியை மறைத்து மறைத்துப் பறக்க விடுவானேன்? போலீஸ்காரர் தலை தெரிந்தால் பெட்டியில் பூட்டி ஓடுவானேன்? நேர்வழி இருக்கும்போது திருட்டு வழி எதற்கு?

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

கட்டுப்பாடே கூடாது என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. 2018 டிசம்பரில் லண்டன் நகருக்கு அருகில் உள்ள காட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டது என்ற செய்தியால் விமானங்கள் நின்றன. ஏறத்தாழ 1,000 விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போட்டார்கள். இவை கதையல்ல, நடந்தவை.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆயிரம் பேர் கூடி நிற்கும் தேரோட்டத்தில், தலைக்கு மேலே சுற்றுகிறது ஒரு பொறி. பாட்டரி தீர்ந்து, அல்லது சிக்னல் அறுந்து, விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே தாயின் இடுப்பில் ஒரு குழந்தை. யாருடைய ட்ரோன், யார் ஓட்டியது, நட்ட ஈடு யார் தருவது என்று கேட்டால் பதில் வேண்டாமா? அந்தப் பதிலுக்குப் பெயர்தான் பதிவு எண். அந்த நட்ட ஈட்டுக்குப் பெயர்தான் இன்ஷ்யூரன்ஸ்.

ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வில்லை வாங்கினோம். ரேடியோப் பெட்டிக்குத் தபாலாபீசில் லைசென்சுப் பணம் கட்டினோம். அவை வரி வாங்க வந்த ஏற்பாடுகள். இதுவோ, கீழே நிற்கிறவனின் தலையைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. இரண்டும் ஒன்றல்ல.

தடையும் தளர்வும்

சர்க்கார் நடந்துவந்த வழியையும் பார்ப்போம். 2014 அக்டோபரில், பொதுமக்கள் யாருமே ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அறிவித்தது. ஆபத்து வருமென்று அஞ்சி, அடுப்பே மூட்டாதே என்று சொன்ன கதை! 2018 டிசம்பரில்தான் ஒழுங்குமுறை வந்தது. 2021 மார்ச்சில் தனி விதிகள் வந்தன. அவற்றைப் பின்பற்றப் போனவன் காகிதத்தில் புதைந்தான். எத்தனை படிவங்கள் தெரியுமா? இருபத்தைந்து! எத்தனை வகைக் கட்டணங்கள்? எழுபத்திரண்டு!

ஜம்முவில் குண்டு விழுந்த இரண்டே மாதத்தில், 2021 ஆகஸ்ட் 25 அன்று, புதிய ட்ரோன் விதிகள் வெளிவந்தன. விதி இன்னும் இறுகும் என்று பலர் எண்ணினார்கள், தளர்ந்தது. 25 படிவங்கள் 5 ஆயின. 72 கட்டணங்கள் 4 ஆயின. 2022 பிப்ரவரியில் 'லைசென்சு' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் தேறி, இணையத்தளம் வழியே பெறும் ஓட்டுநர் சான்றிதழே போதும் என்றார்கள். 2023 செப்டம்பரில் இன்னொரு நல்ல திருத்தம்: பாஸ்போர்ட் இல்லாதவன் வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்றைக் காட்டலாம். வயலைத் தாண்டி வெளியூர் போகாத உழவன் மகனிடம் பாஸ்போர்ட் கேட்ட கொடுமை அதோடு நீங்கியது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

செய்ய வேண்டியது என்ன?

விதி சொல்வதைச் சுருக்கிச் சொல்கிறோம்.

250 கிராம் வரை உள்ளது நேனோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை சிறியது. 150 கிலோ வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரியது. கல்யாணப் படம் எடுப்பவை பெரும்பாலும் முதல் இரண்டு வகை. மருந்து தெளிப்பவை பெரும்பாலும் சிறிய வகை.

எடை எதுவானாலும் ட்ரோனுக்கு ஒரு தனி அடையாள எண் பெற வேண்டும். மத்திய சர்க்காரின் சிவில் விமானத் துறை இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; கட்டணம் 100 ரூபாய். வாங்கும்போதே விற்பவனிடம், "இந்த மாதிரிக்கு வகைச் சான்று உண்டா?" என்று கேளுங்கள். நேனோவுக்கும், பொழுதுபோக்குக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய மாதிரிப் பொறிகளுக்கும் விலக்கு உண்டு. மற்றவற்றுக்கு அந்தச் சான்று இல்லாவிட்டால் எண் கிடைக்காது. 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். ஆகையால், ரசீது இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்று எவனாவது வந்தால், அவன் விற்பது ட்ரோன் அல்ல, தலைவலி! பழைய ட்ரோனை மற்றவருக்கு விற்றால் எண்ணையும் அவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல், அவர் செய்யும் தவறுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

அடுத்தது ஓட்டுநர் சான்றிதழ். நேனோவுக்கு வேண்டாம். மைக்ரோவைக் காசு வாங்காமல் சொந்தத்துக்கு ஓட்டினாலும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு கல்யாணப் படம் எடுத்தால் வேண்டும். மருந்து தெளித்தால் கட்டாயம் வேண்டும். வயது 18 முதல் 65 வரை. பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சான்றிதழுக்குக் கட்டணம் 100 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும்.

பிறகு, வானத்து வரைபடம். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். மஞ்சள் மண்டலத்தில் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும். திருச்சியும் மதுரையும் நமக்குத் தொலைவுதானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. மண்டலத்தின் நிறம் மாறக்கூடியது. பறக்கவிடும் ஒவ்வொரு நாளும் பார்த்தே தீர வேண்டும். நேனோவுக்குத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்சும் வேண்டும்.

மீறினால்? 2021 விதிகளின்படி ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஒரு சிவில் ட்ரோன் மசோதா வரைவைக் கருத்துக் கேட்க வெளியிட்டது. விதிமீறலுக்குச் சிறைத் தண்டனையும், பொறியைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் அந்த வரைவில் இடம் பெற்றன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது இதிலிருந்தே தெரியவில்லையா? நிலத்துக்குப் பட்டா இல்லாதவனை யார் வேண்டுமானாலும் விரட்டலாம். பட்டா கையில் இருந்தால், தாசில்தாரே வந்தாலும் நிமிர்ந்து நின்று பேசலாம். ட்ரோனின் எண்ணும் ஓட்டுநரின் சான்றிதழும் வானத்துக்கு வாங்கும் பட்டா. அடிமைச் சீட்டு என்று எண்ணி ஒதுக்காதீர்கள். அது உரிமைச் சீட்டு!

நூறு ரூபாயும் பல்லாயிரமும்

இளைஞனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். இனி, சர்க்காருக்குச் சொல்ல வேண்டியது.

கண்டனூருக்கு அருகே இருக்கும் கோட்டையூரில் 1909இல் பிறந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். கல்லூரிகள் கண்டவர், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்தவர். அவர் விமானம் ஓட்டவும் கற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில், லண்டனை அடுத்த கிராய்டனில் பயின்று சான்றிதழ் பெற்றார். பின்னாளில் ஜூபிட்டர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியே நடத்தினார். அந்நாளில் வானத்தில் ஏற வேண்டுமானால் பெரும் வசதி வேண்டும். கோடீசுவரனுக்குத்தான் அது வாய்க்கும்.

இன்று அப்படியா? சான்றிதழுக்கு 100 ரூபாய்தான் என்கிறார்கள். காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால், அந்தச் சான்றிதழுக்கு முன்னே பயிற்சி என்று ஒரு வாசல் இருக்கிறதே, அதைத் தாண்டப் பல்லாயிரம் ரூபாய் ஆகிறது. நூறு ரூபாய்ச் சீட்டு உள்ளே இருக்கிறது. வாசற்படி ஏறவே பணமூட்டை வேண்டும்! தனிப்பட்ட பள்ளிகள் பணம் கேட்பது இயற்கை. சர்க்கார் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

மத்திய சர்க்கார் 2023இல் 'நமோ ட்ரோன் தீதி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 15,000க்கு ட்ரோன். விலையில் 80 சதவிகிதம், 8 லட்சம் ரூபாய் வரை, மானியம். குழுவிலிருந்து ஒரு பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி என்றார்கள். நோக்கம் நல்லது. ஆனால், இந்தியா முழுவதுக்கும் பதினைந்தாயிரம் என்றால் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை, ஓர் ஊருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022இல் தமிழ்நாடு ஆளில்லா வானூர்திக் கழகத்தைத் தொடங்கியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அது இயங்குகிறது. ஓட்டுநர் பயிற்சியும் தருகிறது. பெருமைதான். ஆனால் குரோம்பேட்டை எங்கே, கண்டனூர் எங்கே? ஏறத்தாழ 400 கிலோமீட்டர்! பயிற்சிக் கட்டணத்தோடு ரயில் செலவு, தங்கும் செலவு, அத்தனை நாள் கூலி இழப்பு எல்லாம் சேர்த்தால், ஏழை வீட்டுப் பிள்ளை எட்டிப் பிடிக்க முடியுமா?

மொழியும் ஒரு வேலி. ட்ரோன் விதிகளை மத்திய அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்கள். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்துக்குப் பெயர் 'பாரதீய வாயுயான் அதிநியம்'. பெயரை உச்சரிக்கவே ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும்! விதி தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்பது சட்டம். அப்படியானால், விதியை அவனுக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டியது சர்க்காரின் கடமை அல்லவா?

எனவே, நாம் கேட்பது மூன்று.

ஒன்று: மாவட்டந்தோறும் பயிற்சி. சிவகங்கை மாவட்டத்துக்கு இடம் தேட வேண்டியதே இல்லை. காரைக்குடியில் அழகப்பா பெயரால் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. பாட்டரியை ஆராயும் மின்வேதியியல் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானத்தளம் அமைந்த சீமை இது. இங்கே ட்ரோன் ஓட்டக் கற்றுத் தருவது முடியாத காரியமா?

இரண்டு: பாடமும் தேர்வும் விண்ணப்பமும் தமிழில்.

மூன்று: வயலில் மருந்து தெளித்துக் கூலி வாங்குகிறானே, அவன் வீட்டுப் பிள்ளைக்கு முதல் இடம், பயிற்சி இலவசம். ட்ரோன் வந்தால் முதலில் போகப்போவது அவனுடைய கூலி. டப்பாவைச் சுமந்த முதுகிலிருந்து சுமையை இறக்கினால் போதாது. அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் ட்ரோனை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுக்க வேண்டும். இல்லையேல், ட்ரோன் வாங்கும் வசதி படைத்தவன் வானத்தையும் பிடித்துக்கொள்வான். நிலமும் இல்லாதவன் அண்ணாந்து பார்த்து நிற்பான்.

இளைஞர்களே! சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ட்ரோன் கையில் இருப்பவர்கள் இன்றே எண் வாங்குங்கள். தொழில் செய்கிறவர்கள் சான்றிதழ் வாங்குங்கள். முறைப்படி பறப்பவன் கேட்கும் உரிமைக் குரலுக்குத்தான் வலிமை உண்டு. கண்டனூர் வானம் கண்டனூர்ப் பிள்ளைகளுக்கும் சொந்தம் என்பதை, பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வோம்!