பாடந்தோறும் எழுத்து: சக ஆசிரியர் தலைமை

பாடந்தோறும் எழுத்து என்பது, எழுதுதல், பேசுதல் முதலிய தொடர்பாடல் திறன்களை மொழித்துறையிடம் மட்டும் விட்டுவிடாமல், பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறை ஆசிரியர்களும் தத்தம் பாடத்தின் வழியாகவே கற்பிக்கும் முறையாகும். 1970-களில் அமெரிக்காவில் இம்முறை பரவியது. உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் முன்னின்று, மற்றத் துறை ஆசிரியர்களைக் கூட்டி வழிநடத்துவது இதன் சிறப்பு. இதுவே சக ஆசிரியர் தலைமை எனப்படுகிறது.

தேவை

அமெரிக்க மாணவர்கள் பெரும்பாலும் முதலாம் ஆண்டில் கட்டுரை எழுதும் பாடம் ஒன்றைப் படிக்கின்றனர். அதில் நன்றாக எழுதியவரும், பின்னர் வேதியியல் ஆய்வக அறிக்கை எழுதும்போது தடுமாறுவதுண்டு. துறைக்குத் துறை எழுத்து மாறுபடுவதே இதற்குக் காரணம். வரலாற்றில் சான்று என்பது பெரும்பாலும் ஆவணம். இயற்பியலில் அது அளவீடு. பொறியியல் அறிக்கையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம். தத்துவக் கட்டுரையில் வாதத்தைப் படிப்படியாகக் கட்ட வேண்டும்.

இவ்வேறுபாடுகளை நன்கு அறிந்தவர் அந்தந்தத் துறை ஆசிரியரே. ஆனால் அவர் அவற்றைப் பழக்கத்தால் கற்றவர். விளக்கிச் சொல்லிப் பழகியவர் அல்லர். வேற்றுத்துறை ஆசிரியர் ஒருவர் "இதை ஏன் இப்படி எழுத வேண்டும்?" என்று கேட்கும்போதுதான் அவருக்கே அது தெளிவாகிறது.

வரலாறு

1969-70 கல்வியாண்டில், அயோவா மாநிலத்தின் பெல்லா நகரிலுள்ள சென்ட்ரல் கல்லூரியில் பார்பரா வால்வோர்டு பல துறை ஆசிரியர்களுக்கு நடத்திய கருத்தரங்கு, இவ்வகையில் முதலாவது எனக் கருதப்படுகிறது.

1975-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரிட்டனும் குழுவினரும் பள்ளி மாணவர்களின் எழுத்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். மாணவர் எழுத்தின் பெரும்பகுதி, ஆசிரியரையே வாசகராகக் கொண்டிருந்ததை அது காட்டியது. 1977-இல் அமெரிக்காவின் ஜேனட் எமிக், எழுதுவதும் கற்றலின் ஒரு வழியே என வாதிட்டார். அதே காலத்தில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டோபி ஃபுல்வைலர், ஆர்ட் யங் ஆகியோர் பல துறை ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தினர். பின்னர் வந்த பல திட்டங்களுக்கு இவை முன்மாதிரியாயின.

பயிலரங்கு நடைபெறும் விதம்

இப்பயிலரங்குகளில் விரிவுரை குறைவு. ஆசிரியர்கள் தாங்களே எழுதி, பிறர் எழுத்தைப் படித்துக் கருத்துக் கூறுவர். தாம் மாணவர்க்குக் கொடுக்கும் பயிற்சிகளைக் கொண்டுவந்து திருத்துவர்.

எடுத்துக்காட்டாக, "நீர் மாசுபாடு பற்றிக் கட்டுரை எழுதுக" என்ற பயிற்சியை, "இந்த ஆய்வு முடிவுகளை அறிவியல் படிக்காத நகராட்சி உறுப்பினர்களுக்கு இரண்டு பக்கங்களில் விளக்குக" என மாற்றலாம். இப்போது வாசகர் யார், நோக்கம் என்ன என்பது மாணவருக்குத் தெரியும்.

வகுப்பின் இறுதியில் 5 நிமிடம் மதிப்பெண் இன்றி எழுதச் செய்தல், முதல் வரைவைப் படித்துக் கருத்துக் கூறித் திருத்தச் செய்தல், ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையால் குறிக்காமல் முக்கியமான இரண்டு மூன்றை மட்டும் சுட்டுதல் ஆகியவையும் இங்கே பகிரப்படுகின்றன. "எழுத்தைத் திருத்த எனக்கு நேரமில்லை" என்று தயங்கும் கணித ஆசிரியர், அதே பணிச்சுமையுள்ள வேறொரு கணித ஆசிரியர் செய்து காட்டும்போது எளிதில் நம்புகிறார்.

விதியும் வழிகாட்டலும்

சில நிறுவனங்கள் இதைப் பட்டத்துக்கான விதியாகவே ஆக்கியுள்ளன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2001 முதல் சேர்ந்த இளநிலை மாணவர்கள், தொடர்பாடலுக்கு முதன்மை தரும் நான்கு பாடங்களை முடிக்க வேண்டும்; அவற்றுள் இரண்டு மாணவரின் முதன்மைத் துறையைச் சேர்ந்தவை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் திட்டம் எழுத்து, பேச்சு, காட்சி, தொழில்நுட்பம் என நான்கு வகைத் தொடர்பாடலையும் உள்ளடக்கியது.

விதியால் பாடங்களின் எண்ணிக்கையை உறுதிசெய்ய முடியும். கற்பிக்கும் திறனைத் தர முடியாது. வழிகாட்டல் இல்லாத இடத்தில், பழைய பாடமே புதிய பெயரில் நடைபெறும் ஆபத்து உண்டு.

சிக்கல்கள்

சக ஆசிரியர் தலைமை பெரும்பாலும் தன்னார்வத்தால் நடப்பது. முன்னிற்பவருக்கு வகுப்புச் சுமை குறைவதில்லை. பதவி உயர்வில் ஆராய்ச்சிக் கட்டுரைக்குள்ள மதிப்பு இப்பணிக்குக் கிடைப்பது அரிது. ஒருவரையே நம்பிய திட்டம், அவர் ஓய்வு பெற்றாலோ வேறிடம் சென்றாலோ நின்றுவிடக்கூடும். அப்போது இழப்பு மாணவருக்கே: பாடம் தெரிந்தும் அதை எழுதிச் சொல்லத் தெரியாமல் பட்டம் பெறுவர்.

ஆகவே, தலைமைப் பொறுப்பைத் துறைகளுக்கிடையே சுழற்சியில் விடுதல், பொறுப்பேற்பவருக்கு ஒரு பாடத்தைக் குறைத்தல், இப்பணியைப் பதவி உயர்வில் கணக்கிடுதல், இளம் ஆசிரியர்களைத் தொடக்கத்திலேயே இணைத்துக்கொள்ளுதல் ஆகியவை இத்திட்டங்கள் நிலைக்கத் துணைசெய்யும்.