ஓராவின் முள்ளும் பேத்தையின் ஈரலும்

ஓரா ஆணத்தின் ருசியை அறியாத கரையோர வீடுகள் நமக்குள் குறைவு. அதே ஓராவை வெட்டும்போது முள்ளுக் குத்தி, "கை விண்விண்ணெண்டு கடுக்குது, ஒரு வேலையும் செய்ய ஏலா" என்று உம்மாமார் சொல்வதைக் கேட்டும் வளர்ந்திருக்கிறோம். முள்ளிலே நஞ்சுள்ள மீனைச் சட்டியிலிட்டு ஆசையோடு உண்கிறோம். எவரையும் குத்தாத பேத்தையையோ வலையிலிருந்து எடுத்து வீசிவிடுகிறோம். இரண்டுக்கும் "விசம்" என்ற ஒரே சொல்தான் நம்மிடம் இருக்கிறது. ஆனால் இவை இரு வேறு நஞ்சுகள். ஒன்றுக்குச் செய்வதை மற்றொன்றுக்குச் செய்தால் உயிருக்கே கேடாகலாம்.

முதலாவது, குத்தி ஏற்றும் நஞ்சு. ஓராவின் முதுகில் 13 முட்களும், அடித் துடுப்பில் 7 முட்களும், வயிற்றுத் துடுப்புகளில் 4 முட்களுமாக மொத்தம் 24 முட்கள் உள்ளன. முள்ளின் இருபுறமும் ஓடும் பள்ளத்தில் நஞ்சுத் திசு இருக்கிறது. முள் தசையில் ஏறும்போது அதை மூடியுள்ள தோல் கிழிந்து நஞ்சு உள்ளே இறங்குகிறது. கெளிற்றின் முதுகு முள், பக்க முட்கள், திருக்கையின் வால் முள், கற்களுக்கிடையே கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனின் முதுகு முட்கள் யாவும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகின்றன. இவை இரை பிடிப்பதற்கான ஆயுதங்களல்ல; தம்மைக் காத்துக்கொள்வதற்கானவை. மீன் செத்த பின்னும் முள்ளின் நஞ்சு உடனே செத்துவிடுவதில்லை. ஐஸ் பெட்டியில் கிடந்த மீனும் குத்தினால் கடுக்கத்தான் செய்யும்.

இந்த நஞ்சுகளில் முக்கியமானவை புரதங்கள். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உருமாறுவதைப் போல இவையும் சூட்டில் உருக்குலைந்துவிடும். ஓரா ஆணம் நமக்கு ஒன்றும் செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். முதலுதவியும் இதிலிருந்தே பிறக்கிறது. குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூடுள்ள தண்ணீரில், அதாவது சுமார் 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். கொதிநீர் கூடாது. கடுக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஆகவே நல்ல கையை விட்டுப் பார்த்த பின்பே அதை வைக்க வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கையே தரும். முள் முறிந்து உள்ளே நின்றாலும், நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சிலும் வயிற்றிலும் ஆழமாக ஏறிய முள்ளைப் பிடுங்கவும் கூடாது. ஏற்புவலி ஊசி பற்றியும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உண்டால் கொல்லும் நஞ்சு. பேத்தையின் ஈரலிலும் சினையிலும், பல இனங்களில் தோலிலும், டெட்ரோடோடொக்சின் என்ற நஞ்சு தங்கியிருக்கிறது. இது புரதமல்ல. பொரித்தாலும் ஆக்கினாலும் கருவாடாகக் காயவைத்தாலும் அழியாது. நரம்பினூடே செய்தி செல்லும் வாயில்களை இது அடைத்துவிடுகிறது. முதலில் உதடும் நாக்கும் விறைக்கும். பிறகு கைகால் சோரும். இறுதியில் மூச்சுவிடும் தசைகள் நின்றுபோகும். பல வேளைகளில் அறிவு தெளிவாக இருக்கும்போதே இது நிகழும். மாற்று மருந்து கிடையாது. மூச்சை இயந்திரத்தால் தாங்கி, நஞ்சு உடலைவிட்டு நீங்கும்வரை காப்பதே வைத்தியம். 1774 செப்டம்பரில் நியூ கலிடோனியாவில் கப்டன் குக்கும் அவருடன் இருந்தவர்களும் இத்தகைய மீனின் ஈரலையும் சினையையும் சிறிதளவே ருசி பார்த்தார்கள். கைகால் சோர்ந்துபோயினும் அவர்கள் தப்பினார்கள். அதன் குடலைத் தின்ற பன்றி செத்துப்போனது.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லாமல் விட ஏலாது. கரைவலையில் மீனோடு கடற்பாம்பும் ஏறிவரும். அதன் நஞ்சு பல்வழியே ஏறுவதாயினும் சுடுதண்ணீர் இங்கே பயன்படாது. ஓரா குத்தினால் உடனே கடுக்கும். கடற்பாம்பு கடித்தாலோ வலி மிகக் குறைவு. "எறும்பு கடிச்ச மாதிரித்தான்" என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் உளையும், இமை தொங்கும், சிறுநீர் கறுத்துப் போகும். தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும். நல்லபாம்பு, விரியன் முதலியவற்றுக்காக இந்தியாவில் தயாராகும் பன்முக விசமுறி மருந்து கடற்பாம்புக்கென ஆக்கப்பட்டதல்ல. கடித்த அங்கத்தை அசையாமல் வைத்து, வலியில்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஓதிப் பார்ப்பவர்கள் தாராளமாக ஓதட்டும். வாகனத்தில் ஏறிக்கொண்டே ஓதட்டும்.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கடல்மீன்கள் அறுக்காமலே ஹலால். ஆயினும் உடலுக்குக் கேடு செய்யும் நஞ்சை உண்பது ஆகாது என்பதும் பிக்ஹு நூல்களில் உள்ள சட்டமே. எது கேடு செய்யும், எது செய்யாது என்று அறிவதற்கு மீன்பிடிகாரரின் அனுபவமும் வைத்தியரின் கல்வியும் சேர்ந்தே வேண்டும். பேத்தையை வலையிலிருந்து வீசிய நம் மூத்தவர்கள் டெட்ரோடோடொக்சின் என்ற பெயரை அறிந்தவர்களல்லர். அவர்கள் வீசியதை, "ஈரலை எடுத்துட்டாச் சரிதானே" என்று நாம் எடுத்து ஆக்காமலிருந்தால் போதும்.