சுற்றுவட்டம் வந்தால் நடந்து போகிறவருக்கு என்ன வழி?

2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. மின்சாரம் போனால் சந்தியில் கலர் லைட்டும் போகும்; பொலிஸார் வந்து கை காட்டும்வரை முந்துகிறவருக்கே வழி. சுற்றுவட்டத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை. அதனால், சமிக்ஞை விளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றுவட்டம் போடலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அப்படியொரு திட்டம் வந்தால், நடந்து போகிறவர்களும் சந்தியோரக் கடைக்காரர்களும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

நன்மை எது?

நாற்சந்தி ஒன்றில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றை ஒழுங்கைச் சுற்றுவட்டத்தில் அவை 8 மட்டுமே. வளைந்துதான் போக வேண்டும் என்பதால் வேகமும் குறையும். சமிக்ஞைச் சந்தியைச் சுற்றுவட்டமாக மாற்றினால் உயிரிழப்பையும் காயத்தையும் தரும் விபத்துகள் சுமார் 78 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கு.

இந்தப் பலன் ஒரே ஒரு விதியில் தங்கியிருக்கிறது: வட்டத்துக்குள் நுழைகிறவர், வலப்பக்கமிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். பிரிட்டன் 1966இல் இதைக் கட்டாயமாக்கிய பிறகுதான் அங்கே வட்டங்கள் நெரிசலில் இறுகுவது தணிந்தது. பஸ்ஸும் ஆட்டோவும் மூக்கை நுழைத்து முந்துகிற இடத்தில், விதியை யாராவது நின்று காக்காவிட்டால் வட்டமும் அடைபடும்.

ஆபத்து யாருக்கு?

விளக்குச் சந்தியில் வாகனம் நிற்கும் நேரம் ஒன்று உண்டு. சுற்றுவட்டத்தில் வாகனங்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். முதியவர்கள், பிள்ளைகள், கண்பார்வை அற்றவர்கள் ஆகியோருக்கு எப்போது இறங்குவது என்று சொல்ல எதுவும் இல்லை. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் நடந்த ஆய்வில், சுற்றுவட்டமான சந்திகளில் சைக்கிளோட்டிகள் காயப்படும் விபத்துகள் கூடியிருந்தன. கோயம்புத்தூரில் அண்மைய ஆண்டுகளில் பல சிக்னல்களை அகற்றி யூ-டர்ன் வழிகளும் ரவுண்டானாவும் அமைத்தார்கள். வாகனங்கள் காத்து நிற்பது குறைந்தது. வீதியைக் கடக்க முடியவில்லை என்று பாதசாரிகள் முறையிட்டார்கள்.

கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு சிக்கல், துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள். நீண்ட வாகனம் திரும்ப அகலமான வட்டம் வேண்டும். ஒற்றை ஒழுங்கை வட்டத்துக்கே ஏறக்குறைய 30 மீற்றர் விட்டம் தேவை. கடைகள் நெருங்கி நிற்கும் சந்தியில் அந்த இடம் யாருடைய காணியிலிருந்து வரும்?

காணி கேட்டால்

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி, எடுக்க உத்தேசித்திருப்பதாக அறிவித்தல் வரும்போது ஆட்சேபிக்கக் குறைந்தது 14 நாள் தரப்பட வேண்டும். ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கான ஒப்பம் வாங்குங்கள். நட்டஈட்டுத் தொகை போதாவிட்டால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆனால் மாத வாடகைக்கு இருப்பவரை இச்சட்டம் உரித்துள்ளவராகக் கொள்வதில்லை. கடையை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் முறையான குத்தகை உறுதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

விபத்து நடந்தால்

• 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். பொலிஸுக்கு 119.
• வாகன இலக்கத்தையும் காப்புறுதி அட்டையின் விபரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். பாதசாரியின் காயமும் அதற்குள் அடங்கும்.
• அரச அலுவலருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டாம். தமிழில் பதியும்படி கேளுங்கள்.
• நட்டஈட்டு வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் வழக்கைப் பற்றி உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வேலை தொடங்கும் முன்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கொழும்பு மாநகர சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு உண்டு.

மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: போக்குவரத்துக் கணக்கெடுப்பு, சந்தியின் வரைபடம், பாதசாரிக் கடவைக்கான திட்டம். வரைபடத்தில் கடவைகள் வட்டத்தின் வாயிலிருந்து ஒரு வாகன நீளமாவது தள்ளியிருக்கின்றனவா, நடுவில் நின்று இளைப்பாறத் திட்டு உண்டா, பள்ளி விடும் நேரத்தில் பொலிஸார் நிற்பார்களா என்று பாருங்கள். இவற்றுக்கு விடையில்லாத திட்டம் வாகனத்துக்கு மட்டுமே போட்ட திட்டம். அதைத் திருத்தச் சொல்லத் தகுந்த நேரம் தார் ஊற்றுவதற்கு முன்புதான்.