முகப்பு மட்டும் போதுமா?

மனிதனுக்கு முகம் எப்படியோ, வீதிக்குக் கட்டடங்களின் முகப்பு அப்படி. முகத்தைக் கொண்டே ஒருவரை இன்னார் என்று அறிகின்றோம். முகப்புகளைக் கொண்டே ஓரிடத்தை இன்ன ஊர் என்று உணர்கின்றோம்.

பம்பலப்பிட்டியின் முகம் விரைவாக மாறிவருகின்றது. மஜெஸ்டிக் படமாளிகை மறைந்தது; அவ்விடத்தில் எழுந்த பேரங்காடியில் அதன் பெயர் மட்டும் வாழ்கின்றது. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து தேர் வந்து சேரும் கதிரேசன் கோயில்கள் காலி வீதியில் நிலைத்து நிற்கின்றன. ஆனால், கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில், ஓட்டுக்கூரையும் விறாந்தையும் கொண்ட பழைய இல்லங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்மாடிகளுக்கு இடங்கொடுத்து வருகின்றன.

இதற்காக வீட்டுக்காரரைப் பழித்தல் நியாயமன்று. காணியின் விலையோ உயர்ந்துவிட்டது; பழைய கூரையைப் பழுதுபார்க்கும் செலவோ பெரிது; பிள்ளைகள் பலருக்குப் பங்கு பிரிக்கவும் வேண்டும். சட்டமும் இவ்வீடுகளைத் தானாகக் காப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் நிறைவேறிய 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முந்திய சின்னங்களையே முதன்மையாகக் கருதுகின்றது. பிந்திய கட்டடங்களுக்குத் தனிப் பிரகடனம் தேவை. கொம்பனித் தெருவின் அழகிய டி சொய்சா கட்டடம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாயிருந்தும், 2020களின் தொடக்கத்தில் மண்ணோடு மண்ணாயிற்று.

இடிப்பதற்கும் காப்பதற்கும் இடைவழியாகச் சொல்லப்படுவதே முகப்பைக் காத்தல். வீதியை நோக்கிய சுவரை உருக்குச் சட்டங்களால் தாங்கி நிறுத்துவர். பின்னாலுள்ளவற்றை அகற்றிப் புதிய மாடிகளை எழுப்பி, பழஞ்சுவரை அவற்றோடு பிணைப்பர். வழிப்போக்கர் கண்ணுக்கு வீதி மாறாது. ஆயினும் உயர்ந்த பழைய சாளரத்தின் நடுவே புதிய மாடியின் தளம் குறுக்கிட்டால், அது முகமன்று, முகமூடி. முற்றமும் காற்றோட்டமும் விறாந்தையின் குளிர்ச்சியும் போனபின், சுவர் எதற்குச் சாட்சி?

சிங்கப்பூர் இதற்கோர் அளவுகோல் வகுத்தது. தமிழர் நன்கறிந்த லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக்கப்பட்டது. அத்தகைய வரலாற்றுப் பகுதிகளில் கடைவீட்டை முழுமையாகக் காத்தல் வேண்டும்; வேறு சில பகுதிகளிலோ, முன்பகுதியைக் காத்துப் பின்புறத்தில் உயர்த்திக் கட்டலாம். பம்பாய் 1995இல் வகுத்த விதிகளின்படி, பழங்கட்டடத்தைக் காப்பதனால் உயர்த்திக் கட்ட இயலாத உரிமையாளர், அந்த உரிமையை வேறிடத்திற்கு மாற்றவோ விற்கவோ வழி பிறந்தது. ஊருக்காக ஒருவர் இழப்பதை ஊர் ஈடுசெய்யும் முறை இது.

முழுமையாகக் காத்தல் கொழும்புக்கும் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை ஆஸ்பத்திரி, 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமுற்றது. எனினும் அது செப்பனிடப்பட்டு, 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. தடித்த சுவரும் ஓட்டுக்கூரையும் முற்றமும் அங்கே உயிரோடு விளங்குகின்றன, வருவாயும் கிடைக்கின்றது. அது அரசின் உடைமை, அதனால் இயன்றது. தனியார் இல்லத்திற்கு அவ்வாறு செய்ய, வரிச்சலுகையோ ஈட்டுரிமையோ வேண்டும்.

ஆகவே, முழுக் கட்டடத்தையும் காப்பதே முதல் வழி. அது இயலாவிடின், முகப்போடு விறாந்தையும் முன்கூடமுமாவது எஞ்சட்டும். வெறுஞ்சுவரை நிறுத்துவது கடைசி வழி. எதனைச் செய்யினும், சுமை முழுவதையும் வீட்டுக்காரர் தலையில் ஏற்றலாகாது.

மாணவர்கள் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. தத்தம் ஒழுங்கையிலுள்ள பழைய வீடுகளை, உடையவரின் அனுமதியோடு அளந்து, வரைந்து, படம்பிடித்து, முதியோர் சொல்லும் வரலாற்றையும் எழுதி வைக்கலாம். எதனைக் காக்க வேண்டுமென்பதை அறியாத ஊர், எதனையும் காக்கப் போவதில்லை.