அஞ்சும் நாய்க்குட்டியைத் தேற்றும் விதம்

கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்த ஓர் இன்ஸ்பெக்டர் நாயைப் பற்றி எழுதப் புகுவது அங்கத்தினர்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் எவனும் அங்கத்தினர்களின் திண்ணையில் சற்று உட்காராமல் திரும்புவதில்லை. திண்ணையில் உட்கார்ந்தவன் அவ்வீட்டு நாயைக் கவனியாமலிருக்க முடியாது. சென்ற ஐப்பசியில், தீபாவளிக்குச் சுமார் பத்து நாட்களுக்கு முன், சேலையூரில் எனக்கு நேர்ந்த ஒரு சம்பாஷணையே இக்கட்டுரைக்குக் காரணம்.

அந்த அங்கத்தினர் இரண்டு கறவைப் பசுக்கள் வைத்திருப்பவர். கொட்டகைக்குக் காவலாக இருக்கட்டும் என்று, தெருவில் பிறந்து தாயை இழந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்து வந்தார். அதற்கு அப்பொழுது வயது 6 மாதம். காவல் காக்க வேண்டிய அந்த நாயோ, விமானம் தாழப் பறந்தால் கயிற்றுக் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்கும். வானம் கறுத்தால் சோற்றைத் தொடாது. புது மனிதரைக் கண்டால் நின்ற இடத்திலேயே சிறுநீர் விடும். இரண்டு நாட்களுக்கு முன், கட்டிலடியில் ஒளிந்திருந்த அதனை அவருடைய ஐந்து வயதுப் பேரன் காலைப் பிடித்து இழுத்திருக்கிறான். நாய் அவன் கையைக் கவ்விவிட்டது. பல் பட்டு இரத்தம் கசிந்தது. "மாடம்பாக்கம் ஏரிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லுகிறார்கள். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள், ஐயா?" என்று அவர் கேட்டார்.

பையனுக்கு ஊசி போட்டாயிற்றா என்று நான் கேட்டேன். காயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதாக விடை வந்தது. நாயின் விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று, சிறுவனை அன்றே அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பச் செய்தேன். வீட்டு நாயே கடித்தாலும், குட்டியே கடித்தாலும், கீறல் மாத்திரமே உண்டானாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பு இட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைய தினமே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் முதலியவற்றைத் தடவலாகாது. வெறிநோய் கண்டபின் அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. காணுமுன் தடுக்கும் மருந்து உண்டு. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்படுமுன் தென்னாட்டில் கடிபட்டவர்கள் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி வரை போக வேண்டியிருந்தது. இன்று அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். அங்ஙனமிருந்தும் சுண்ணாம்புக் கிண்ணத்தைத் தேடுவது வருந்தத்தக்கதே.

நாயை ஏரிக்கரையில் விடலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே ஒரு பாதி விடை இருக்கிறது. கடித்த நாயைப் பத்து நாட்கள் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும். அது உணவுண்டு சுகமாக இருக்குமானால், கடித்த காலத்தில் அதன் உமிழ்நீரில் வெறிநோய் இருக்கவில்லை என்று வைத்தியர் தீர்மானிக்கலாம். நாயைத் துரத்திவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடுகிறது. மேலும், வளர்த்த பிராணியைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடைச் சட்டப்படி குற்றமுமாகும். மீதிப் பாதி விடை, அந்த நாய் ஏன் கடித்தது என்பதை அறிவதில் இருக்கிறது.

சேலையூர் இப்பொழுது அமைதியான கிராமமன்று. 2021-இல் ஏற்பட்ட தாம்பரம் மாநகராட்சியில் அது சேர்ந்துவிட்டது. கேம்ப் ரோட்டில் வண்டிகளின் ஊதல் ஓய்வதில்லை. அருகே விமானப்படை நிலையம். விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி 1954 முதல் அங்கே நடைபெற்று வருவதால், பயிற்சி விமானங்கள் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. நமக்கு இது பழகிவிட்டது. நாயின் செவியோ நம் செவியினும் நுட்பமானது. வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதருக்கு எட்டாது. நாய்க்கு 45,000 வரை எட்டும். எங்கிருந்து வருகிறது, என்ன செய்யும் என்று தெரியாத இரைச்சல், ஒரு குட்டிக்குப் பெரும் பீதியாவதில் வியப்பில்லை.

அஞ்சும் நாய் முதலில் கடிப்பதில்லை. வாலைக் கால்களுக்கிடையே இடுக்கும். காதுகளைப் பின்னே சாய்க்கும். உறக்கமில்லாத வேளையில் கொட்டாவி விடும். உணவில்லாதபோதும் உதட்டை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெண்மை பிறைபோலத் தெரியும்படி கடைக்கண்ணால் பார்க்கும். இவையெல்லாம் "என்னை விட்டு விலகு" என்னும் விண்ணப்பங்களே. விண்ணப்பம் செல்லாதபோது உறுமும். உறுமலும் செல்லாதபோதுதான் பல் வருகிறது. நம்மவர் உறுமலைக் கேட்டவுடன் கோலை எடுக்கிறார்கள். அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடுமேயன்றி அச்சத்தை விடுவதில்லை. அடுத்த முறை முன்னறிவிப்பின்றியே கடிக்கும். தவணை தவறிய அங்கத்தினரைச் சபை நடுவே அதட்டினால், அவர் மறு கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுவாரேயன்றிக் கடன் தீர்ந்துவிடாது என்பதை நம் சங்கங்களில் அறியாதார் யார்?

அச்சம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு ருஷ்ய தேசத்தில் நடந்த ஒரு சம்பவம் சான்று. பாவ்லாவ் என்னும் விஞ்ஞானி, உணவு வருமுன் ஓர் ஓசையைக் கேட்பித்துப் பழக்கினால் பின்னர் அவ்வோசை மாத்திரத்திலேயே நாய்க்கு வாயூறும் என்று நிரூபித்தவர். 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் நேவா நதி கரைபுரண்டது. அவருடைய நாய்க்கூடுகளில் வெள்ளம் ஏறிற்று. கூட்டின் கதவுகள் கீழே இருந்தபடியால், நாய்களை நீருக்குள் அமுக்கி வெளியே இழுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பிழைத்த நாய்களிற் சில, அரும்பாடுபட்டுக் கற்றவற்றை மறந்துவிட்டன. ஒரு நாய் வெகு நாட்களுக்குப் பின்னரே பழைய நிலையை அடைந்தது. அப்பொழுது அதன் அறைக்கதவின் கீழே சிறிதளவு நீரை மெல்ல ஓடவிட்டார்கள். அந்தச் சிறு நீரோட்டத்தைக் கண்டதும் நாய் மீண்டும் பீதியுற்று, கற்றதை இழந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கங்களில் சங்கிலியோடு தத்தளித்து மீண்ட நாய் எதுவும், பின்பு மழை இரைந்தபோதெல்லாம் ஊளையிட்டிருந்தால் அதைப் பிடிவாதமென்று சொல்லலாகாது.

ஆனால் அதே 1924-ஆம் வருஷத்தில், இதற்கு மாறான ஒரு நற்செய்தியும் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டு அலறும் மூன்று வயது நிரம்பாத ஒரு சிறுவனைக் குணப்படுத்திய வரலாறு அது. சிறுவன் தனக்குப் பிரியமான தின்பண்டத்தை உண்ணும்போது, கூண்டிலிட்ட முயலை அவன் அஞ்சாத தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள், அவன் உண்பது தடைப்படாத அளவில், கூண்டைச் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார். முடிவில் அவன் முயலைக் கையால் தடவவும் தொடங்கினான். அச்சத்தைத் தருவது சிறிய அளவில் தூரத்தே இருக்க வேண்டும். அதனோடு இன்பமான ஒன்று சேர்ந்து வர வேண்டும். நாய்க்கும் இந்த முறைதான், இன்று மிருக வைத்தியர்கள் முதலாவதாகச் சொல்வது.

இதை நம் அங்கத்தினர் வீட்டில் எப்படிச் செய்தோம் என்பதைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். பறக்கும் விமானத்தை நம் இஷ்டப்படி தூரத்தில் நிறுத்த முடியாது. ஆகையால் அவருடைய மகன் அவ்விரைச்சலைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டான். வெளியே அமைதியாக உள்ள விடியற்காலையில், காதுக்கு எட்டியும் எட்டாததுமான அளவில் அதைக் கேட்பிப்பது. கேட்டவுடன் ஒரு சிறு துண்டு வேகவைத்த முட்டையோ ஈரலோ கொடுப்பது. ஒலி நின்றதும் கொடுப்பதை நிறுத்துவது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் போதும். ஒலி முன்னும் உணவு பின்னுமாக வர வேண்டும் என்ற வரிசை மாறலாகாது. மாறினால் உணவே அபாயத்தின் அறிகுறி என்று நாய் கற்றுவிடும். நாய் துண்டைத் தின்ன மறுத்தால் ஒலி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். உடனே குறைக்க வேண்டும். உண்ணுகிறதா இல்லையா என்பதே இதில் அளவுகோல். புது மனிதரிடம் பழக்குவதும் இவ்விதமே. வருபவர் நாயைப் பாராமல், குனியாமல், தலைமேல் கையை நீட்டாமல் தூரத்தே உட்கார்ந்து, துண்டை அதன் பக்கம் எறிந்தால் போதும். நெருங்குவதா வேண்டாமா என்பதை நாயே தீர்மானிக்கட்டும். பிரியத்தால் கிஸ்மிஸ், சாக்லேட், வெங்காயம் சேர்ந்த பலகாரம் முதலியவற்றைக் கொடுத்துவிட வேண்டாம். அவை நாய்க்கு விஷம்.

கட்டிலடியை அதற்கே விட்டுவிட வேண்டும் என்றும், அங்கே இருக்கையிலும் உண்ணுகையிலும் குழந்தைகள் அதைத் தொடலாகாது என்றும் வீட்டில் ஒரு விதி ஏற்படுத்தினோம். பாட்டியாருக்கு ஒரு சந்தேகம்: பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் அதிகரிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். இது பழைய அபிப்பிராயம். தேறுதலால் அச்சம் வளர்வதில்லை. நாய் தானாக வந்து ஒண்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். ஒளிந்திருப்பதை இழுத்து வைத்துத் தடவுவதுதான் தவறு.

பகல் முழுவதும் கட்டிப்போட்டால் அடங்கிவிடும் என்பதும் பிசகே. ஓட வழியில்லாத பிராணிக்கு அச்சம் இரட்டிக்கும். கடிப்பது ஒன்றே அதற்கு மிஞ்சிய உபாயம். நெடுநேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதையும், எப்பொழுதும் கட்டிய நாயை உலவவிடாமல் வைத்திருப்பதையும் முற்கூறிய 1960-ஆம் வருஷத்துச் சட்டம் கண்டிக்கிறது.

தீபாவளிக்கு இருந்த பத்து நாட்களில் இந்தப் பழக்கம் முற்றுப்பெறாது. ஆகவே அன்றைக்கு வேறு ஏற்பாடு செய்தோம். தமிழ்நாட்டில் 2018 முதல் வெடி வெடிப்பதற்குக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் குறித்திருக்கிறார்கள். எல்லோரும் அதற்குக் கட்டுப்படுவதில்லையெனினும், நாயை உலவ அழைத்துச் செல்லும் நேரத்தையாவது அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஜன்னல் குறைந்த உள்ளறையில் கதவைச் சாத்தி, கோணிப்பை விரித்து, மின்விசிறியையும் ரேடியோவையும் ஓடவிட்டு, வீட்டார் ஒருவர் உடனிருந்தார். வாசற்கதவைத் தாழிடுவது மிக முக்கியம். வெடிக்கு மிரண்ட நாய் திக்குத் தெரியாமல் ஓடி, கிணற்றிலோ ரயில் பாதையிலோ மாளக்கூடும். கழுத்துப் பட்டையில் வீட்டாரின் தொலைபேசி எண்ணை எழுதிக் கட்டிவைத்தால், ஓடிய நாய் திரும்பி வர வழியுண்டு.

இவ்வளவு பாடும் பெரும்பாலும் வேண்டாதபடி செய்ய ஒரு காலம் உண்டு. குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை அதன் மனம் திறந்த கதவு போன்றது. 1961-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள், பின்னர் எவ்வளவு முயன்றும் மனிதரோடு சரிவரப் பழகவில்லை. நம்மவர் முப்பதாம் நாளிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருப்பது நலம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவிக்க வேண்டும். ஊசிகள் முடியுமுன் தெருவில் விட்டால் தொற்றுநோய் பற்றும். முடியும்வரை வீட்டுக்குள் அடைத்தால் கதவு சாத்தப்பட்டுவிடும். தோளிலோ கூடையிலோ குட்டியைச் சுமந்து சென்று கடைத்தெரு, ரயில், குடை, மூக்குக்கண்ணாடி, தாடி, மாடு எல்லாவற்றையும் காட்டிவருவதே இதற்கு வழி.

நம் நாட்டு ஜாதி நாய்களை வைத்திருப்போருக்கு ஒரு சொல். 2005-இல் இந்தியத் தபால் தலையில் இடம்பெற்ற ராஜபாளையமும், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இனங்களும் அந்நியரிடம் ஒட்டாமலிருப்பது இயல்பு, அது அச்சமன்று. ஆனால் வெள்ளை ராஜபாளையக் குட்டிகளிற் சில செவிடாகப் பிறப்பதுண்டு. பின்னாலிருந்து தொட்டால் துள்ளிக் கவ்வும் குட்டியை அடிக்குமுன், அதற்குக் காது கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

இரண்டு மாதப் பழக்கத்திலும் மாறுதல் காணாவிட்டாலோ, நாய் உண்ணாமல் மெலிந்தாலோ, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அச்சத்தைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. பழக்கத்தோடு சேர்ந்து அவை வேலை செய்யும். மனிதருக்கான மாத்திரையையோ சாராயத்தையோ தாமாகக் கொடுத்துவிடலாகாது. தைரியமாயிருந்த நாய் திடீரென்று இருட்டை நாடி ஒளிந்து, வாய் தொங்கி எச்சில் ஒழுகினால், தேற்ற முயலாமல் விலகி நின்று மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அது வெறிநோயாக இருக்கலாம்.

தை மாதத்தில் மறுபடி சேலையூர் சென்றேன். பேரனுக்கு ஊசிகள் முடிந்திருந்தன. நாய்க்கும், பத்து நாள் கவனித்தபின், தடுப்பூசி போட்டிருந்தார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு பயிற்சி விமானம் தலைக்கு மேல் சென்றது. நாய் எழுந்தது, கட்டிலை நோக்கிப் போகவில்லை, பாட்டியாரின் எதிரே போய் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தது. என்னைக் கண்டு ஒருமுறை உறுமிற்று, யாரும் அதட்டவில்லை. இடிக்கு மட்டும் இன்னும் ஒளிகிறதாம். அதற்காகக் கட்டிலைச் சுற்றிக் கோணிப்பை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.