மனசுக்கும் மருந்து உண்டு

எங்கள் தெரு ஈஜிபுராவில் இருக்கிறது. அங்கே ஒரு குடும்பம். அப்பா கட்டட மேஸ்திரி. அம்மா கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்கிறார். ஒரு மகள், ஒரு மகன். மகனுக்கு அப்போது 17 வயது. பி.யூ.சி. முதல் வருடம் படித்தான். அவன் பெயரை எழுதப் போவதில்லை. தம்பி என்றே சொல்கிறேன்.

அவன் அம்மா எங்கள் மாலை வகுப்பில் படிக்கிறார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். "எங்க கதையை எழுது. நாலு பேருக்கு உதவும். பேரு மட்டும் வேணாம்" என்று அவர்தான் சொன்னார்.

முதலில் தம்பிக்குத் தூக்கம் போனது. ராத்திரி முழுவதும் விழித்திருந்தான். கிரிக்கெட் ஆடப் போவதை விட்டான். குளிக்கச் சொன்னால் கோபம் வந்தது. 'வயசுப் பையன், அப்படித்தான் இருப்பான்' என்று வீட்டில் நினைத்தார்கள். பிறகு தனியாக உட்கார்ந்து பேசினான். யாரோ தன்னைத் திட்டுவது காதில் கேட்கிறது என்றான். சோற்றில் விஷம் இருக்கிறது என்றான். அம்மா போட்ட சோற்றையே தள்ளி வைத்தான்.

அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பேய் என்றார்கள். செய்வினை என்றார்கள். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும் என்றும் ஒருவர் சொன்னார். 17 வயதுப் பையனுக்கு! தாயத்து கட்டினார்கள். ஊர் ஊராக அழைத்துப் போனார்கள். அக்காவின் கம்மல் அடகுக்குப் போனது. நான்கு மாதமும் போனது. அந்த நான்கு மாதத்தை நினைத்துத்தான் அக்கா இன்றும் வருந்துகிறார். கம்மலை நினைத்து அல்ல.

இது என்ன நோய்?

இதற்கு மனச்சிதைவு நோய் என்று பெயர். மூளையில் செய்திகளைக் கொண்டுபோகும் சில ரசாயனங்கள் உண்டு. அவை தாறுமாறாகும்போது இல்லாத குரல் கேட்கும். காரணம் இல்லாமல் சந்தேகம் வரும். தம்பி நடிக்கவில்லை. அவனுக்கு அந்தக் குரல் உண்மையாகவே கேட்டது. நம் காதில் பஸ் சத்தம் கேட்பது போலக் கேட்டது.

இந்த நோய் பெரும்பாலும் 15 வயதிலிருந்து 30 வயதுக்குள் தொடங்கும். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்காரர் வீட்டிலும் வரும், ஏழை வீட்டிலும் வரும். சில குடும்பங்களில் வழிவழியாக வரலாம். கஞ்சா பிடித்தால் வரும் ஆபத்து அதிகம். தாய் சரியாக வளர்க்காததால் வருவது இல்லை. இதை அக்காவிடம் நான் பத்து முறையாவது சொல்லியிருப்பேன்.

பெங்களூரில் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. பழைய மனநல மருத்துவமனையையும் ஒரு ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்த்து 1974ல் இதை உண்டாக்கினார்கள். பல மாநிலங்களிலிருந்து ரயில் ஏறி இங்கே வருகிறார்கள். நமக்கோ பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் சண்டை போட்டால், "நீ நிம்ஹான்ஸுக்குப் போ" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே பல பேர் அங்கே போவதில்லை. அக்கா வீட்டுக்காரரும் முதலில் அப்படித்தான் தயங்கினார்.

கடைசியில் போனார்கள். டாக்டர் தம்பியிடம் பேசினார். அம்மா, அப்பாவிடம் தனியாகப் பேசினார். மாத்திரை கொடுத்தார். "உடனே குணம் தெரியாது, சில வாரம் பொறுங்கள்" என்றார். முதலில் தூக்கம் வந்தது. ஒன்றரை மாதத்தில் குரல் குறைந்தது. தம்பி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இங்கேதான் தவறு நடந்தது. 'நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதற்கு மாத்திரை?' என்று நிறுத்திவிட்டார்கள். மாத்திரையால் தம்பிக்கு உடம்பு பருத்தது. பகலிலும் தூக்கம் வந்தது. அதனால் அவனுக்கும் அது பிடிக்கவில்லை. மூன்றாம் மாதம் நோய் திரும்பி வந்தது. முன்பைவிடப் பெரிதாக வந்தது. ஒரு ராத்திரி வீட்டைவிட்டு ஓடினான். விடியும்போது மடிவாளாவில் கண்டுபிடித்தார்கள். மீண்டும் ஓடாமல் இருக்க அப்பா ஒரு சேலையால் அவன் கையைக் கட்டினார். கட்டிவிட்டு அவரே அழுதார்.

கட்டிப் போடுவது எதில் போய் முடியும்? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியைக் கேட்டால் தெரியும். அங்கே மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்த விடுதிகள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு விடுதியில் தீப்பிடித்தது. கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அம்மா, அப்பா, அண்ணன், தம்பிதான். வேறு வழி தெரியாமல் விட்டார்கள். இப்போது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது சொல்கிறது. அரசு செலவில் நடக்கும் இடங்களில் சிகிச்சை பெறுவது நம் உரிமை என்றும் சொல்கிறது.

தம்பியை இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்காவும் வார்டில் அவனோடு தங்கினார். இப்படிக் குடும்பத்தார் கூடத் தங்குவது நம் நாட்டில் பழைய வழக்கம்தான். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஆஸ்பத்திரி இடத்திலேயே கூடாரம் போட்டு, குடும்பத்தாரைத் தங்க வைத்தார். நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யிலும் அப்போதே குடும்பத்தாரைக் கூட வைத்துக்கொண்டார்கள்.

வார்டில் அக்கா ஒரு விஷயம் கற்றுக்கொண்டார். அந்தக் குரலைப் பற்றி மகனோடு வாதாடக் கூடாது. 'ஆமாம், எனக்கும் கேட்குது' என்று பொய்யும் சொல்லக் கூடாது. அக்கா இப்படிச் சொல்வார்: "உனக்குக் கேட்குதுப்பா. எனக்குக் கேட்கலை. பயமா இருக்கா? நான் பக்கத்துலயே இருக்கேன்." சாகப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் மட்டும் ஒரு நிமிடமும் தள்ளிப் போடக் கூடாது. தனியாக விடாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உடம்பு பருக்கிறது, தூக்கம் வருகிறது என்பதை டாக்டரிடம் சொன்னார்கள். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மாற்றுவதும் குறைப்பதும் அவர் வேலை. நிறுத்துவது எப்போது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். சிலருக்குச் சில வருடம் போதும். சிலருக்கு நீண்ட காலம் வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறோமே, அது போலத்தான்.

வீட்டில் இன்னொருவர் பாடும் கவனிக்க வேண்டியது. அது தம்பியின் அக்காள். "எனக்கும் இது வந்துடுமா?" என்று அவள் ஒரு நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். வீட்டில் யாரும் அவளிடம் எதையும் விளக்கவில்லை. அடுத்த முறை அவளையும் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். உடன்பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இதற்கு டெலி மானஸ் என்று பெயர். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு இல்லை. ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். நிம்ஹான்ஸ் போகும்போது பி.பி.எல். ரேஷன் கார்டை எடுத்துப் போங்கள். கட்டணத்தில் சலுகை உண்டு.

தம்பிக்கு இப்போது 19 வயது. பரீட்சையில் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது. காலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறான். குரல் எப்போதாவது கேட்கிறது என்கிறான். கேட்டால் அம்மாவிடம் சொல்கிறான்.

அக்கா வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. முன்பு மாத்திரைச் சீட்டைப் படிக்க மகள் வர வேண்டும். இப்போது அக்காவே தேதிக்குப் பக்கத்தில் எழுதுகிறார். 'ராத்திரி 1. தூங்கினான்.' எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். சிவப்பு மையில் ஒரு தேதிக்கு வட்டம் போட்டிருக்கிறார். அன்றைக்கு டாக்டரிடம் போக வேண்டும். கார்மெண்ட்ஸில் லீவு சொல்லிவிட்டார்.